மதினியின் சாவைச் சாட்சியாக்கினார்கள்

எனக்குப் பிரியமான மதினி,

உங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்கள். நேற்று தென்காசி பெஞ்சுக் கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து நின்று, நீங்கள் செத்துப்போன விதத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பெஞ்சில் இருந்த மூன்று கௌரவ மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர் அண்ணன். உங்கள் புருஷன். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வழக்கு நம் மேலகரத்துப் பகவதி மேல். வாய்க்கால் ஓரத்து வயல்காரர் மனைவி, ஆறு பிள்ளை பெற்றவள், சிரித்தால் தெருக்கோடி வரை கேட்குமே, அவளேதான். நீங்கள் போன பிறகு உங்கள் வேலையை அவள் செய்துவந்தாள். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் போவாள். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காருவாள். முதுகு தேய்த்துவிடச் சொல்லி யாராவது வந்து அமர்ந்தால், தேய்த்துக்கொண்டே காதோடு சொல்லுவாள்.

நீங்கள் கண்டுபிடித்த வழிதானே அது? கேட்கிறவளுக்கு முதுகு மட்டும்தான் நம் பக்கம். முகம் சிவந்தாலும் கண் கலங்கினாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. பேச்சு அந்தக் காதைத் தாண்டிப் போகாமல் அருவி பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் எந்தச் சுவருக்குப் பின்னாலும் பேச முடியாததை அங்கே பட்டப்பகலில் ஊருக்கு நடுவே பேசினீர்கள்.

நான் பெரியவளானபோது எல்லாரும் எனக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. உடம்புக்குள் ஏதோ அறுந்துவிட்டது, சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே அந்தக் களியைத் தின்றேன். அடுத்த சாரலில் என் முதுகில் எண்ணெய் வைத்துக்கொண்டு நீங்கள்தான் சொன்னீர்கள். கருப்பை எங்கே இருக்கிறது, மாதம் தோறும் அது என்ன செய்கிறது, பிள்ளை எப்படி உண்டாகிறது, வேண்டாமென்றால் எப்படித் தள்ளிப்போடலாம், எல்லாம். "இம்புட்டுத்தானாட்டி வடிவு, இதுக்குப் போயி பயந்தியே" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். அன்றைக்கு அருவியில் நின்று நான் அழுதது உங்களுக்குத் தெரியாது. பயம் போன அழுகை அது.

பகவதி இந்தச் சாரலில் ஒரு மருமகளிடம் அதையேதான் சொன்னாள். இருபது வயதுக்குள் மூன்று பெற்றுவிட்ட பெண். அது பாவம், சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் மாமியாரிடமே கேட்டுவிட்டது. இப்படியெல்லாம் இருக்கிறதாமே, செய்யலாமா என்று. மாமியார்க்காரி குதித்தாள். அவள் மகன் ஜில்லா போர்டு மெம்பர். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினாள் என்று பகவதி மேல் வழக்காகிவிட்டது.

அந்த மெம்பர் யாரென்று உங்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சில் யார் உட்கார வேண்டும் என்று அவர் கை காட்டிய பிறகுதான் கலெக்டருக்குப் பெயர் போகும். அண்ணன் பெயரும் அப்படித்தான் போயிற்று. வருகிற மாதம் பெஞ்சை மறுபடி அமைக்கிறார்கள். இதைச் சொன்னால் போதும், கோர்ட்டில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று உங்களுக்குப் புரியும்.

நான் வராந்தா ஜன்னலோரம் மற்றப் பெண்களோடு நின்றிருந்தேன். முதலில் எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது. ஏட்டு சாட்சி சொன்னார். தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னார். பகவதியின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், ஆனால் கெட்டிக்காரர்.

"ஏட்டையா, நீங்க எங்கன நின்னீய?"

"பொம்பளைய குளிக்கிற பக்கத்துக்கு வெளிய. பாறைகிட்ட."

"அன்னைக்கு அருவி எப்படி விழுந்துது?"

"அருமையா விழுந்துது."

"பக்கத்துல நிக்கிறவன் கூப்பிட்டா கேக்குமா?"

"சத்தம் போட்டாத்தான் கேக்கும்."

"அப்போ இந்த அம்மா அடுத்தவ காதுக்குள்ள சொன்னது மட்டும் உங்களுக்குக் கேட்டுட்டாக்கும்?"

கூண்டிலிருந்து பகவதி சும்மா இருப்பாளா? "ஏட்டையா காது இம்புட்டு நீளம்னு தெரிஞ்சா, நான் மேலகரத்துல இருந்தே சொல்லியிருப்பேனே. வண்டிச் சத்தக் காசாவது மிஞ்சியிருக்கும்!" என்றாள். கோர்ட்டே சிரித்தது. பெஞ்சுக்குத் தலைவர், பென்ஷன் வாங்கின தாசில்தார், மேஜையைத் தட்டினார். அவர் பக்கத்தில் இருந்த அரிசி மில் முதலாளி துண்டால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் உதட்டில்கூட ஒரு சிரிப்பு வந்தது. வழக்கு தள்ளுபடிதான் என்று நினைத்தேன்.

அந்த மருமகளைச் சாட்சிக்குக் கொண்டுவரவில்லை. குடும்பப் பெண் கோர்ட்டு ஏறக்கூடாதாம். யாரிடம் பேசியது குற்றம் என்கிறார்களோ அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது அசிங்கம் இல்ல, உயிரைக் காப்பாத்துத வைத்திய விஷயம்" என்று சொல்லி நம் வக்கீல் உட்கார்ந்தார். அப்போதுதான் எதிர் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"வைத்தியம்னு சொல்லுதாரு. சரி. இந்த வித்தையை இந்தப் பக்கம் கொண்டுவந்தது ஒரு பெரிய வீட்டு அம்மா. பேர் சொல்லமாட்டேன், மரியாதை இருக்கு. அந்த அம்மா எப்படிப் போனாங்க? அஞ்சாவது பிரசவத்துல போனாங்க. ஊருக்கெல்லாம் தடுக்கச் சொல்லிக்கொடுத்தவங்களுக்கே தடுக்க முடியல. அப்போ இது வைத்தியமா? பொய். பொய்யைச் சொல்லிப் பொம்பளைப் பிள்ளைகளைக் கெடுக்கிறதுக்கு ஆபாசம்னுதானே பேரு?"

மதினி, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாக் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "பாவம், பெண்டாட்டிய நெனச்சு உருகுதாரு" என்றாள்.

உருகுகிறாரா? எனக்கு ரப்பர் பொசுங்கும் நாற்றம் அடித்தது. சத்தியமாக, அந்த ஜன்னலோரத்தில் அடித்தது.

உங்களுக்கு மறந்திருக்காது. நாலாவது பிரசவத்தில் நீங்கள் பிழைத்ததே பெரிது. இன்னொன்று தாங்காது என்று லேடி டாக்டர் அண்ணனை நேரில் வைத்துக்கொண்டே சொன்னார். பிள்ளை உண்டாகாமல் தடுக்கிற ரப்பர் மூடி ஒன்றைக் கொடுத்து, அதை வைத்துக்கொள்ளும் விதமும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் அது உங்களைக் காப்பாற்றியது. அந்தத் தைரியத்தில்தானே மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கினீர்கள்?

பிறகு அண்ணன் பெயர் கலெக்டருக்குப் போகும் என்று பேச்சு வந்தது. நீங்கள் அருவியில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் மெம்பர் காதுக்குப் போயிருந்தது. ஒரு காலையில் வெந்நீர் அடுப்பிலிருந்து வீடெல்லாம் அந்த நாற்றம். பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டார்கள் என்று அம்மா சத்தம் போட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வருஷச் சாரலில்தான் சொன்னீர்கள், என் முதுகுக்குப் பின்னால் இருந்து. "ஒங்க அண்ணன் அதை எரிச்சுட்டாரு வடிவு. மாஜிஸ்திரேட் வீட்டுல இந்தச் சாமானெல்லாம் இருக்கப்பிடாதாம். எனக்கு நாள் தள்ளியிருக்கு." உங்கள் கை என் முதுகில் நிற்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் திரும்ப முயன்றேன். "திரும்பாத" என்றீர்கள். திரும்பவில்லை. அதனால் அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அண்ணனைப் பெஞ்சில் போட்டுச் சர்க்கார் உத்தரவு வந்த அன்று வீட்டில் எல்லாருக்கும் பாயசம். நீங்கள் வாந்தி எடுத்து ஓய்ந்து உள்ளறையில் படுத்திருந்தீர்கள்.

நேற்று நம் வக்கீல் என்ன செய்வார்? அவருக்கு இது தெரியாது. எதிர்ச்சாட்சி கொண்டுவரத் தவணை கேட்டார். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்ததும் பகவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சிரிப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வடிவு, ஜெயிலப் பத்தி எனக்குக் கவலை இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒங்க மதினி சொன்னது பொய்யா? எத்தனை பேரு காதுல சொல்லியிருக்கேன்! அவளுவ எல்லாம் இப்போ வந்து என்னையக் கேக்குதாளுவ."

இதுதான் என்னை உலுக்கிவிட்டது. உங்களைக் கொன்றதை வைத்தே நீங்கள் சொன்னதைக் கொல்லப் பார்க்கிறார்கள். கோர்ட்டிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் எத்தனை பெண்கள் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள்? அதில் எத்தனை பேர் அடுத்த வருஷம் உங்களைப் போல உள்ளறையில் படுப்பார்கள்?

பகவதியிடம் "பொய் இல்லக்கா" என்றேன். அதற்கு மேல் தெருவில் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. நேரே வக்கீல் வீட்டுக்குப் போய், நான் சாட்சி சொல்லுகிறேன் என்றேன். அவர் திகைத்துவிட்டார். "கல்யாணம் ஆகாத பொண்ணு. எதிர் வக்கீல் கூசக்கூசக் கேப்பாரு. தெரிஞ்சுதான் சொல்லுதியாம்மா?" என்றார். தெரிந்துதான் சொன்னேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. திருவேங்கடத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் நிறைய வாசிப்பானாம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர்கள் வருவார்களா? நான்கு பேர் இருந்தால் பேச்சே வராத பெண் நான் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பெட்டியில் இருந்த வைத்தியப் புத்தகங்களை எல்லாம் வாசித்து முடித்துவிட்டேன். அவற்றில் இருக்கிற எந்தச் சொல்லையும் இதுவரை ஒரு ஆண்பிள்ளைக்கு முன்னால் உச்சரித்தது கிடையாது.

அண்ணனுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. இன்று காலை அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, பகவதிக்காகச் சாட்சி சொல்லப் போறேன்."

"ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்?"

"வெந்நீர் அடுப்புல எரிஞ்சது பந்து இல்லன்னு தெரியும்."

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகுதான் என் பக்கம். "அவ சொன்னாளா?" என்றார். ஆமாம் என்றேன். "வேற என்ன சொன்னா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. சட்டையில்லாத அந்த முதுகு குலுங்கியதை மட்டும் பார்த்தேன். பிறகு, "நீ சொல்லுததைச் சொல்லு. நான் பெஞ்சை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் மதினி? பதவியை விடமாட்டேன் என்பதா, இருந்து கேட்கிறேன் என்பதா? நீங்கள் பதினோரு வருஷம் அவரோடு வாழ்ந்தவர். எனக்குத் தெரியவில்லை.

ஒன்று தெரியும். நீங்கள் எனக்குப் பின்னால் இருந்து சொன்னதை நான் அவருக்கு முன்னால் நின்று சொல்லப்போகிறேன். அந்தக் கோர்ட்டில் அருவி கிடையாது. மெதுவாகச் சொன்னாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஜன்னலோரம் நிற்கிற பெண்களுக்கும் கேட்கும். மாஜிஸ்திரேட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள முடியாது.

நடுவில் குரல் உடைந்தால் ஒரு தடவை என் முதுகில் தட்டுங்கள். நான் நிறுத்தமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களைத் திரும்பிப் பார்க்காத நாத்தனார்,
வடிவு