இரண்டுக்கு மேல் ருசி கேட்கக் கூடாது

மச்சான்,

போன மாதம் சோலோதுர்ன் நகரத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார் என்று எல்லாரையும் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு பாருக்குக் கூட்டிப் போனார்கள். நான் வழக்கம்போல ஆப்பிள் ஜூஸை வைத்துக்கொண்டு மூலையில் இருந்தேன். அப்போது பாரில் நின்ற பெண், நான் கேட்காமலே, ஒரு சின்னக் கிளாசில் சிவப்பாக எதையோ ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள். ருசி பார்க்கவாம், காசு வேண்டாமாம். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இத்தனை பேர் இருக்க, எனக்கு மட்டும் ஏன்? பீப்பாய் பழுதாகிவிட்டதா, இல்லை வாங்க வைக்கிற தந்திரமா என்று யோசித்தபடியே கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனேன். செரிப்பழத்தை வினாகிரியில் ஊறப்போட்டதுபோல ஒரு புளித்த மணம். அந்த மணத்தை எனக்குக் காட்டியவன் நீ. நீ போன பிறகு அன்றுதான் அதை மறுபடி மணந்தேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீ கேலி செய்வாய். ஓம், நான் அப்படித்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணை என்று என்னை ஒரு அறையில் இருத்தி, எந்தத் தெரு, எந்தச் சந்தி, யார் கூட வந்தது என்று கேட்டார்கள். சில மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு அதே கேள்விகளையே இடம் மாற்றிக் கேட்டார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை அது. அன்று நான் தப்பினேன். ஆனால் அந்தப் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் மனதுக்குள் ஒரு தரம் திருப்பிக் கேட்டுப் பார்ப்பேன்.

அதனால் தங்கைக்கு உன்னைப் பேசி வந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. அம்மா அப்பா இல்லாத வீடு. அவளை நான்தான் வில் என்ற ஊரில் என்னோடு வைத்திருந்தேன். உனக்கு முன்பு வந்தவர்கள் எல்லாரும் இருந்து சாப்பிட்டு, சிரித்துக் கதைத்துவிட்டுப் போய், சாதகம் பொருந்தவில்லை என்று போனில் சொன்னார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதான் வீட்டுக்கே வந்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் தங்கை சேலையை மடித்து வைத்துவிட்டு அடுத்த நாள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். இன்னொரு தடவை அவளுக்கு அது நடக்கக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே யோசனை.

நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, உன் ஊரான வின்டர்தூரில் தமிழ்க்கடை வைத்திருந்த அண்ணைக்குப் போன் பண்ணி உன்னைப் பற்றி விசாரித்தேன். அவர் முதலில் உன் வேலையைப் புகழ்ந்தார். கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் பொருத்துகிறவன், நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருகிறவன் என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

"தம்பி, பெடியன் நல்லவன்தான். ஆனா நான் கண்டதைச் சொல்லவேணும். ஸ்டேஷனுக்குப் பின்னாலை இருக்கிற பாரிலை, முன்னாலை சின்னச் சின்னக் கிளாசாய் வைச்சுக்கொண்டு இருக்கிறவன். ஒரு கிளாசோடை நிக்கிறவன் இல்லைப்போலை."

கல்யாணத் தரகர் வேறு, நீ இதற்கு முன்பு பேர்ண் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து அது சரிவரவில்லை என்று சொல்லியிருந்தார். தங்கை இரண்டாவது. அது ஏன் சரிவரவில்லை? குடிதான் காரணமோ? சனிக்கிழமை பின்னேரமே, சாமான் வாங்க வருகிறேன் என்று உனக்குப் போனில் சொல்லிவிட்டு வின்டர்தூருக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் நீ எனக்காக நின்றாய். "எங்கையாவது இருந்து கதைப்பமோ அண்ணை?" என்று கேட்டாய். உன் வழக்கமான இடத்துக்கே போவோம் என்றேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல் அந்தப் பாருக்கே கூட்டிப் போனாய். ஒளிக்க வேண்டியவன் இப்படிச் செய்வானா, அல்லது இதுதான் பெரிய கெட்டித்தனமா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

சுவரில் பியர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன. நரைத்த தலையோடு ஒரு பெண் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். நீ அவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு நகரும்வரை காத்திருந்தாய். ஆட்கள் நெருக்கி நிற்கும்போது ருசி கேட்டால் அவளுக்கும் கரைச்சல், பின்னால் நிற்பவருக்கும் கரைச்சல் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். போத்தலில் உள்ளதைக் கேட்கக் கூடாது, உடைத்தால் அது வீண், குழாயில் வருவதை மட்டும்தான் கேட்க வேண்டும் என்றாய். குடிக்கத்தான் வந்தாய், அதற்கு இவ்வளவு ஒழுக்கமா என்று நினைத்தேன்.

உன் முறை வந்ததும், கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று அவர்களுடைய பாஷையில் மெதுவாகக் கேட்டாய். ஒரு வாய் அளவுக்கு ஊற்றித் தந்தாள். கடைக்கார அண்ணை கண்ட சின்னக் கிளாஸ் அதுதான். எனக்கு ஒரு பாரம் இறங்கியது. நீ குடித்துவிட்டு நிமிர்ந்தாய். "உண்ட்?" என்று கேட்டுவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஒருத்தி உன் பதிலுக்காக உண்மையாகவே காத்து நின்றாள். நீ அதை ரசித்தாய். கசப்புக் கூட, எனக்கு ஏற்றதில்லை என்று மரியாதையாகச் சொன்னாய்.

"கூடாது எண்டு சொல்லக்கூடாது, அண்ணை. ஆரோ பாடுபட்டுச் செய்திருப்பினம். எனக்குச் சரிவரேல்லை எண்டுதான் சொல்லவேணும்," என்றாய் என்னிடம்.

சாதகம் பொருந்தவில்லை என்று சொன்னவர்களின் குரல் என் காதில் கேட்டது. சந்தேகம் மறுபடி தலையெடுத்தது.

அடுத்து ஒரு கறுப்புப் பியரைக் கேட்டாய். அது விலை கூடியது, ருசிக்குக் கொடுப்பதில்லை என்றாள். நீ உடனே சரி என்று தலையாட்டினாய். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன், வேண்டுமென்றே.

"இல்லை எண்டு சொல்லிப்போட்டா. திருப்பிக் கேட்டா அது கரைச்சல் குடுக்கிறது."

பிறகுதான் அந்தச் சிவப்புப் பியர் வந்தது. நீ வாயில் வைத்தாய். உன் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் கண்டேன். "மணந்து பாருங்கோ அண்ணை," என்று கிளாசை என் பக்கம் நீட்டினாய். அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியது. இது உனக்குப் பிடிக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் நீ அவளைப் பார்த்துச் சிரித்து, இதில் ஒரு ஸ்டாங்கே தாங்கோ என்றாய். முழுக் கிளாஸ்.

"பிடிக்கேல்லை எல்லோ? பேந்து ஏன் வாங்கினனீர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு ருசி பாத்திட்டன். மூண்டாவது கேக்கிறது மரியாதை இல்லை. அவவை ஊத்தவும் வைச்சிட்டு ஒண்டும் வாங்காமல் போறதும் மரியாதை இல்லை. அதாலை ரெண்டாவதை எடுத்தாச்சு."

அதைச் சொல்லிவிட்டு நீ அந்தக் கிளாசைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாய். ஒரு முணுமுணுப்பு இல்லை. உனக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பேர்ண் பெண் முதலாவது. என் தங்கை இரண்டாவது.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கை கதவடியிலேயே நின்றாள். "என்ன அண்ணா, குடிகாரனோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நடந்ததை எல்லாம், அந்தப் புளிப்புப் பியர் உட்பட, ஒன்றும் விடாமல் சொன்னேன். "நல்ல பெடியன்தான். ஆனா பிடிக்காததையும் மரியாதைக்காகக் குடிச்சு முடிக்கிறவன்," என்றேன். அடுத்த சில நாளில் உன் பக்கத்திலிருந்து முழுச் சம்மதம் என்று செய்தி வந்தது. தங்கையும் ஓம் என்றாள். எல்லாம் ஏன் இவ்வளவு கெதியாக நடக்கிறது என்று எனக்கு அதிலும் ஒரு நெருடல். இருந்தாலும் நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கையில் இல்லை.

பிறகு வந்த வருடங்களில் நான் உன்னைக் கவனித்தது உனக்குத் தெரியுமா? நீ நல்ல கணவனாக இருந்தாய். அதுதான் எனக்குப் பிரச்சினை. சண்டை பிடித்திருந்தால் நம்பியிருப்பேன். அவள் குழம்பு எரிந்து தொண்டையைப் பிடித்த நாளிலும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாய். அவள் தெரிந்தெடுத்த பச்சை நிறத் திரைச்சீலையைப் பார்த்து நல்லாயிருக்கு என்றாய். அதைப் பார்த்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நல்லாயிருக்குக்கும் எனக்கு அந்தப் பார்தான் ஞாபகம் வரும். என் தங்கையோடு இவன் வாழ்கிறானா, வாங்கியதைக் குடித்து முடிக்கிறானா?

ஒரு தரம் நேராகவே கேட்டேன். உங்கள் பல்கனியில் இறைச்சி வாட்டிக்கொண்டு நின்றாய். "மச்சான், உனக்கு என்ரை தங்கச்சியைப் பிடிச்சுத்தான் கட்டினனீயோ?" என்றேன். நீ இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "எங்கடை மகள் பள்ளிக்கூடம் போறாள், இப்ப வந்து கேக்கிறாய்," என்றாய். அது பதில் இல்லை. பதில் இல்லாததைப் பதில்போலச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். நானும் அந்த அறையில் இருந்தவன்தான். நான் விடாமல் கேட்டிருப்பேன். அதற்குள் தங்கை சலாட்டோடு வந்துவிட்டாள்.

போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், எவ்வளவு பொறுமையான மனிசன், ஒரு குறை சொல்லமாட்டார் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். அழுகைக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. கேட்க இனி ஆள் இல்லை என்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

சோலோதுர்னில் அந்தச் சின்னக் கிளாசை நான் குடிக்கவில்லை. எனக்குச் சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழும்பினேன். ரயிலில் வரும்போது, இதை இனியும் மனதில் வைத்திருக்க ஏலாது என்று முடிவெடுத்து, வில்லுக்குப் போகாமல் வின்டர்தூரில் இறங்கினேன். தங்கை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் நான் நினைத்ததை அவளுக்கு அப்படியே சொன்னேன். பேர்ண் பெண், சிவப்புப் பியர், இரண்டாவது. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் எதிர்பார்த்தது அதையல்ல.

"அண்ணா, நீங்கள் அண்டைக்கு வந்து அந்தக் கதையைச் சொன்ன உடனை எனக்கும் அதே பயம்தான். இவர் பொம்பிளை பாக்க வந்த அண்டு நான் செய்த ரோல்சிலை உப்பே இல்லை. பதட்டத்திலை போட மறந்திட்டன். அவர் நாலு சாப்பிட்டு, நல்லாயிருக்கு எண்டவர். அப்ப என்னையும் அப்பிடித்தானே நல்லாயிருக்கு எண்டிருப்பார்? அடுத்த நாளே நான் அவருக்குப் போன் எடுத்தனான்."

"நீயோ?"

"ஓம். மரியாதைக்காக ஒருத்தரும் என்னைக் கட்டவேண்டாம், சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லுங்கோ, அண்ணாவுக்குப் பழகிப்போச்சு எண்டு சொன்னனான். சரி எண்டு போனை வைச்சவர். அவ்வளவுதான் எண்டு நினைச்சன்."

திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வெளியே வந்தபோது நீ முதியோர் இல்லத்து வாசலில் நின்றாயாம். வேலை உடுப்போடு, தலையெல்லாம் தூசியோடு. வேலைத் தலத்திலிருந்து நேரே வில்லுக்கு ரயில் ஏறி வந்திருக்கிறாய். வணக்கம்கூடச் சொல்லவில்லையாம்.

"உங்கடை ரோல்சிலை உப்பில்லை. தேத்தண்ணி சீனிப்பாணி. நீங்கள் ஒருக்காலும் நிமிர்ந்து என்னைப் பாக்கேல்லை, அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டால் நீங்கள் சொன்னதையே சொல்லிப்போட்டுப் போறன். ஆனா மரியாதைக்காக எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. இன்னொருக்கா வந்து பாக்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

அதைச் சொல்லி முடித்தபோது தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். மடித்த துவாயை முகத்தில் வைத்துக்கொண்டாள். உன் வாயிலிருந்து அவள் கேட்ட குறைகள் அவ்வளவும்தானாம், அந்த ஒரு நாளில்தானாம்.

எனக்குக் கோபம் வந்தது, மச்சான். உண்மையாகவே வந்தது. எல்லாவற்றையும் சந்தேகித்த எனக்கு, நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் கதைத்திருப்பீர்கள் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லையே. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"சொன்னால், அவர் ஏன் திருப்பி வந்தவர் எண்டு அதையும் விசாரிக்கப் போயிருப்பீங்கள்," என்றாள்.

போயிருப்பேன்தான். முதியோர் இல்லத்தில் அன்று வாசலில் யார் நின்றது, நீ அரை நாள் லீவு போட்டாயா, எந்த ரயிலில் வந்தாய் என்று எல்லாரையும் கேட்டிருப்பேன். இப்போதும் கேட்கலாம், அவளோடு வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து படுத்தபோது அந்த யோசனை ஒரு தரம் வந்ததும் உண்மை. ஆனால் நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே நம்பிவிட்டேன். விசாரிக்காமல் நான் நம்பியது இந்த ஒன்றைத்தான், மச்சான். அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.