சுவரில் ஊஞ்சலாடுகிறவள்

லியோன், 1806

மகளே,

படுக்கையறைச் சுவர்த்துணியை வெட்டி நாற்காலிகளுக்கு உறையாக்கி, உன் அம்மாவின் முகத்தின்மேல் விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டாய். அதில் ஊஞ்சலாடுகிறவள் அவள்தான். யாரிடமும் கற்காமல் நானே வரைந்த சித்திரம். ஜன்னல் காற்றில் துணி அசைந்தால் சுவர் முழுக்கப் பதிந்த நாற்பது உருவிலும் ஆடுவாள். நானும் கூடவே மிதப்பேன்.

நாற்காலிகளுக்கு உறை தைத்த உன் மெத்தைக்காரன் சிரிக்கிறான்: “பெரியவரே, தலை போன ராஜாவோட இந்தப் பூவும் கொடியும் போச்சு. பேரரசர் காலத்துல சுவருக்குக் கோடு போட்ட பட்டுதான்!”

உன்னைப் பெற்ற அன்றே இறந்துபோனவளை நீ எப்படி அடையாளம் காண்பாய்? நீ கேட்டதில்லை. நான் சொன்னதில்லை.

மெத்தைக்காரன் நாற்காலி உறைகளின் ஆணிகளைப் பிடுங்கட்டும். மாப்பிள்ளை சுவரிலிருந்து அந்தக் கோடு போட்ட பட்டைக் கழற்றட்டும். நீ துண்டுகளை ஒன்றாகத் தைத்துக் கட்டிலுக்கு எதிரே தொங்கவிடு. பிறக்கப்போகும் பிள்ளை கண் திறக்கும்போது அவள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அப்பா