சொறிக்காய்

3-10-78, செவ்வாய்
கணக்கப்பிள்ளை சீனிச்சாமி இன்று எங்கள் பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி நகம் பார்த்தார். ஏலக்காயெல்லாம் சொறி விழுந்து வருகிறதாம். பறிக்கிற பொம்பளைகள் நகத்தால் கீறுகிறோமாம். பக்கத்து லயத்து வீட்டுப் பாண்டியம்மாள் அத்தைக்கு நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. "நீ நாளையிலருந்து வராத" என்றுவிட்டார். இருபது வருஷமாகக் காய் எடுக்கிற கை அது. அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று கேட்க எனக்கு என்ன கேடு?

4-10-78
எல்லோரும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போனோம். இன்றும் சொறிக்காய்தான். அந்த ஆளுக்குக் கண் அவிஞ்சா போச்சு?

6-10-78
ஆத்திரத்தில் காய் பிடித்திருந்த ஒரு சரத்தைப் பிடித்து உலுக்கினேன். கடுகைவிடச் சின்னதாக என்னவோ உள்ளங்கையில் ஓடியது. தண்டில் ஒட்டியிருந்த காய்ந்த சருகை உரித்தேன், அங்கே கூட்டமே இருக்கிறது. பாசிப்பயறு அளவுப் பிஞ்சு, எந்தக் கையும் தொடாதது, அதிலும் கீறல்! சரத்தோடு மருந்துக் குப்பியில் அடைத்திருக்கிறேன்.

8-10-78, ஞாயிறு
ஜீப்பில் போடி டவுனுக்குப் போனேன். கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் பிச்சைமணி அண்ணனின் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக் குப்பியில் இருந்ததைப் பார்த்தேன். ஆறு கால். தலையில் இரண்டு கொம்பு. இறக்கை என்று பேர்தான், ஓரமெல்லாம் நூல் பிரிந்தது மாதிரி மயிர். குஞ்சுகளுக்கு அதுவும் இல்லை. மற்றபடி தாய் மாதிரியேதான். ஒன்று பிஞ்சுத் தோலை வாயால் சுரண்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. காய் பெரிசாகும்போது அந்தச் சுரண்டலும் சொறியாகப் பெரிசாகிறது. கால் நுனியில் நகம் தேடினேன். தெரியவே இல்லை.

"தக்குனூண்டு இருந்துக்கிட்டு என்னா வேலை பாக்குது பாரு தாயி" என்றார் அண்ணன். கண்ணாடியை இரவல் கொடுத்தார்.

9-10-78
கணக்கப்பிள்ளையிடம் குப்பியை நீட்டினேன். தொடக்கூட இல்லை. "பத்தாவது படிச்ச திமிரா? போயி வெரசா சோலியப் பாரு." கூறுகெட்ட மனுசன்! நகம் நகம்னு கத்துறியே, ஒரு தடவ குனிஞ்சு பாத்தா இடுப்பா ஒடிஞ்சிரும்?

12-10-78
முதலாளி வந்தார். வரிசையை விட்டுப் போய்க் குப்பியையும் கண்ணாடியையும் கொடுத்தேன். "இது கீறுனதுக்குத்தாங்கய்யா பாண்டியம்மாள நிப்பாட்டிட்டாக" என்றேன். வெகுநேரம் பார்த்தார். "சருகையெல்லாம் உரிச்சு எடுக்கச் சொல்லுய்யா. அந்தம்மாவயும் வரச் சொல்லு" என்றார் கணக்கப்பிள்ளையிடம்.

"நானும் அதத்தாங்கய்யா சொல்ல வந்தேன்" என்றார் சீனிச்சாமி. நாக்குக் கூசவில்லை!

13-10-78
அத்தை வந்துவிட்டார். கணக்கப்பிள்ளை பேர் மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்தார், நகம் பார்க்கவில்லை. அவர் போன பிறகும் அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றார். கையை இறக்கச் சொல்லித் திட்டலாம் என்று திரும்பினேன். பத்துப் பேரும் அப்படித்தான் நின்றோம். நானும்தான்.