ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிவிட்டேன்

பழனியாண்டவர் துணை

திண்டுக்கல்
12-2-1961

மலாயா ஈப்போவில் இருக்கும் அன்பு மகன் பொன்னழகுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் பேரனும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும், வேறு வேண்டுதல் எங்களுக்கு இல்லை. உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, சொந்தமாகப் பட்டறை போடப்போகிறேன், இனி ஊருக்கு வந்து இருப்பது நடவாத காரியம், எனக்காக லாரியைப் பழையபடியே வைத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வெஞ்சனத்துக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள், இன்னொரு தரம் படிங்க என்றாள், படித்தேன். அப்புறம் மீதியையும் நறுக்கி முடித்தாள். மறுநாள் பொங்கல் வைத்தோம், சாப்பிட்டோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீடு வீடாக இல்லை. உன்மேல் கோபம் கிடையாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. வருத்தம் மட்டும் நிறைய இருக்கிறது, அதை மூடி வைத்து எழுத எனக்கு வராது.

நீ சொன்னபடி செய்துவிட்டேன், ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியாகிவிட்டது. மருமகள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், இது என்ன பெரிய சங்கதி என்று நினைப்பாள், நீ எடுத்துச் சொல்லு. சண்டை முடிந்தபின் ஆவடி டிப்போ ஏலத்தில் எடுத்த அமெரிக்கா பட்டாள லாரி அது, அவர்கள் ஊர் வழக்கப்படி ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் போதும், அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலப்பக்கம் ஒருத்தன் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்து, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். நீ பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து கப்பலேறும் வரைக்கும் அந்த வேலையைச் செய்தாய். நீ போகலாம் என்றால் நான் யோசிக்காமல் மிதிப்பேன். நிலக்கோட்டையில் பூக்கூடைகளை ஏற்றி, மதராஸ் ரயில் வருமுன் கொடைரோட்டில் இறக்கியதெல்லாம் என் சாமர்த்தியம் என்று ஊர் பேசியது. பாதி உன் கண் என்பது எனக்குத் தெரியும், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நீ போனபிறகு உன் இடத்தில் கிளீனர் சின்னக்கண்ணுவை உட்கார வைத்தேன். என் வயதுக்காரன், நல்ல மனிதன், பொய் சொல்ல மாட்டான். ஆனாலும் அவன் போலாம்ணே போலாம்ணே என்று கத்தினாலும் என் கால் மிதிக்க மறுக்கும். வண்டிக்குப் பின்னால் வண்டியாகவே ஊர்ந்து போனேன். ரயில் தவறியது, கூடையில் மல்லிகை வாடியது, பூக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வேனுக்கு மாறிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பூ ஏற்றிய வண்டி இப்போது செங்கல்லும் சரளையும் ஏற்றுகிறது. மாட்டுவண்டிக்குக் காவல் போற லாரி என்று நமக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. பெட்ரோல் கட்டாது என்று நீ எழுதி, அப்பாஸ் பட்டறையில் டீசல் இன்ஜின் ஏற்றினோமே, அன்றைக்கே அவன் கேட்டான், எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டாச்சு, ஸ்டியரிங்கையும் இந்தப் பக்கம் கொண்டாந்துருவமாண்ணே என்று. பையன் வந்தா எங்க உக்காருவான் என்று கேட்டேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் உன் அம்மாவும், அம்புட்டு நட்டம் வந்தாலும் சரி, அவன் எடத்துல கைய வைக்காதீங்க என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு நான் சாக்கு, எனக்கு அவள் சாக்கு. இரண்டு பேரும் அப்படியே காத்துக்கொண்டிருந்தோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் மாட்டுக்குக் கொம்பு கழுவிக்கொண்டிருந்தேன். உன் அம்மா பின்னால் வந்து நின்று, கொண்டு போயி மாத்திப்புட்டு வாங்க, அவன் வர மாட்டான் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன் கடிதத்தைப் படித்தபோது வராத அழுகை அப்போது வந்தது. மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், மாடு பாவம் அசையாமல் நின்றது. அந்த வாரமே வண்டியைப் பட்டறையில் விட்டேன். அப்பாஸ் ஸ்டியரிங் பெட்டியை இறக்கி, வலப்பக்கச் சட்டத்தில் இரும்பு வைத்துப் பற்றவைத்து, அங்கே மாட்டினான். பெடல்களை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். நீ கால் வைத்து வைத்துப் பெயிண்ட் தேய்ந்து வெளுத்துப்போன இடம் இருக்கிறதே, சரியாக அங்கேதான் கிளச்சுக்குத் துளை போட வேண்டி வந்தது. டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். போடு என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டிப் பார்த்தார், நல்ல வேலை என்றார், பின்பலகையில் லெப்ட் ஹேண்ட் டிரைவ் என்று எழுதியிருந்ததை அழிக்கச் சொன்னார். அதையும் அழித்தாயிற்று. நீ பட்டறை போடுகிறாய் என்பதால் சொல்கிறேன், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, எவ்வளவு அவசரமானாலும் கட்டை கொடுத்துவிட்டுப் படு. எண்ணெய்க் கையோடு பிள்ளையைத் தூக்காதே.

வண்டிக்குப் பூசை போட்டபோது உன் அம்மா வரவில்லை, தலைவலி என்றாள். நான் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கி, சின்னக்கண்ணுவை இடப்பக்கம் ஏற்றிக்கொண்டு கொடைரோட்டுக்குப் புறப்பட்டேன். பொன்னழகு, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ரோடு அது. எதிரே வருகிற பஸ், ஓரத்துப் புளியமரம், தூரத்துப் பாலம் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறது. நீ பார்த்துக்கொண்டு வந்த ரோடு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சின்னாளபட்டி தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. அதற்கு அப்பால் ஒரு காக்கை கூட இல்லை, என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆனாலும் கால் மிதிக்கவில்லை, காது எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த வண்டி தோட்டத்துப் பாதையில் திரும்பும் வரைக்கும் பின்னாலேயே போனேன். என்னண்ணே ஆச்சு என்று சின்னக்கண்ணு கேட்டான். இன்ஜின் சூடாயிருக்கு, செத்த நேரம் மெதுவாப் போவோம் என்று சொல்லிச் சமாளித்தேன். பழகிவிடும் என்று அப்பாஸ் சொல்கிறான், பழகத்தான் வேண்டும். பூக்காரர்களில் ஒருத்தர் சித்திரையிலிருந்து தன் கூடைகளில் பாதியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அது ஒன்று நல்ல சேதி.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவள் பேருக்கே எழுது, அதில் வண்டியைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பேரனைப் போட்டோ பிடித்து அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், பதினாறும் பெற்று, போன இடத்தில் பேர் சொல்லும்படி வாழ வேண்டும். என்றைக்காவது லீவு போட்டுக்கொண்டு ஒரு நடை வந்து போ, முன்னாலேயே தந்தி கொடு, கொடைரோட்டுக்கு லாரியைக் கொண்டுவருகிறேன். நீ இடப்பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கே உனக்கு வேலை ஒன்றும் இல்லையப்பா, விருந்தாளி மாதிரி சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆவுடையப்பன்