அன்டோ கொண்டுவந்த முட்டைக்கோஸ்

மார்ச் 2, 2025. ஞாயிறு

ஆக்லாந்தைத் தாண்டி ஹெலன்ஸ்வில் வரை போய்வந்தேன். யாஸ்னாவின் பொஸ்னியச் சாப்பாட்டுக் கடையில் இன்றும் மூன்று மேசைகளில்தான் ஆட்கள். ஒன்று நான், ஒன்று அவருடைய ஊர்க்காரர் அன்டோ.

சார்மா. புளித்த முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி, புகையூட்டிய எலும்போடு அரை நாள் அடுப்பில் கிடந்தது. கரண்டி பட்டதும் இலை தானாகப் பிரிகிறது. முதலில் புளிப்பு, அதன் பின்னால் புகை, கடைசியில் கொழுப்பின் இனிப்பு. பக்கத்தில் சுட்ட சிவப்பு மிளகாய் மசியல்; அம்மாவின் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட நகரவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல அந்த விரலளவு கண்ணாடிக் குவளை. தன் வீட்டு ப்ளம் பழத்தில் யாஸ்னாவே வடிக்கும் சாராயம். விற்பதில்லை. வந்தவருக்கு நாங்கள் தண்ணீர் கொடுப்பதுபோல அவர் இதைக் கொடுக்கிறார். அன்டோ தன்னுடையதைக் குடிக்காமல் தள்ளிவைத்து, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒருநாள் இது இவவுக்குக் கரைச்சல் கொண்டுவரும்."

யாஸ்னா அவருடைய தலையில் துவாயால் ஒரு தட்டுத் தட்டினார். "இவர் பொஸ்னியாவிலும் இப்படித்தான். கல்யாண வீட்டில் மழையைப் பற்றிக் கதைப்பார்."

யாஸ்னாவின் புருஷன் இறந்த பிறகு ஆறு வருடங்களாக அந்தக் கடையின் அடுப்பைத் திருத்துவது, பின் கதவுக்கு எண்ணெய் விடுவது, தன் தோட்டத்து முட்டைக்கோஸைக் கொண்டுவந்து பீப்பாயில் உப்பில் போடுவது எல்லாம் அன்டோதான். ஏப்ரலில் போட்டால் ஆறு கிழமையில் புளிக்கும். ஒரு வருடத்துச் சார்மா அந்தப் பீப்பாயில்தான் இருக்கிறது.

மார்ச் 4

மூன்று மேசை. அந்த எண் மனதை விட்டுப் போகவில்லை. இப்படியே போனால் கடையைப் பூட்டிவிடுவார்.

மேற்கு ஆக்லாந்துச் சாப்பாட்டுக் குழுப் பக்கத்தில், என் பெயர் போடாமல், கடையைப் பற்றி எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எழுதியதை வேறு ஆட்கள் படிக்கப்போகிறார்கள். "நான் தனியாக, ஒரு புத்தகத்தோடு சாப்பிடுவேன்" என்று தொடங்கினேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு மேசை கிடைக்கவில்லை! சமையலறை வாசலில் ஒரு முக்காலி போட்டுத் தந்தார். அன்டோ சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ இணையத்தில் நல்லதாக எழுதியிருக்கிறார்களாம், வருகிறவர்கள் சொல்கிறார்களாம். யாஸ்னாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எழுதிய கைக்கு நோய் வரக்கூடாது என்றார். என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குவளை வரவில்லை.

புதன்கிழமை நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்களாம். அனுமதி இல்லாத இடத்தில் மது கொடுக்கப்படுவதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார்களாம். ஆர் சொன்னது என்று சொல்ல மாட்டார்களாம். போத்தல்களை எடுத்துப்போய்விட்டார்கள். எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தடவை என்றால் கடையையே மூடவேண்டி வரும்.

"எனக்கு எதிராக ஆர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் யாஸ்னா. கேட்டுவிட்டு ஜன்னலோரத்தில் அன்டோவின் கதிரையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. "கரைச்சல் வரும் என்று அவருக்கு எப்படி முதலே தெரியும்?"

காருக்குள் போய் உட்கார்ந்து நான் எழுதியதைத் திறந்தேன். ஐந்தாவது வரி: சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் வடித்த ப்ளம் சாராயம், காசில்லாமல், கேட்காமலே. கீழே முப்பது பேர் பாராட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும், இந்தக் கடைக்கு லைசன்ஸ் உண்டா, விசாரித்து நகரசபைக்கு எழுதியிருக்கிறேன் என்று போட்டிருந்தார். தேதி மார்ச் 27.

நான்தான். நானேதான்.

அதே இடத்தில், கார் நின்றபடியே, எல்லாவற்றையும் அழித்தேன்.

ஏப்ரல் 7

அழித்தது என்ன என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. அன்டோ சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அன்டோவின் வான் பின் கதவடியில் வந்து நின்றது. முட்டைக்கோஸ் மூட்டைகள். யாஸ்னா கதவைத் திறக்கவில்லை. அவர் தட்டினார், தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். யாஸ்னா வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரே ஒரு சொல் சொன்னார். வெளியே சத்தம் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவன்" என்றார். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நான் நினைத்துக்கொள்ளலாம்.

அன்டோ வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூட்டைகள் படியிலேயே கிடந்தன, மழையில். நான் சாப்பிட்டேன். கோப்பியும் குடித்தேன். வாய் திறக்கேல்லை. ஏன் திறக்கேல்லை?

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. அரை நாள் லீவு போட்டு அம்மா அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். வாசலில் குமாரசாமி மாமா கைகழுவிக்கொண்டிருந்தார். அப்பா மற்றப் பக்கத்தால் சுற்றி உள்ளே போனார். இருபத்தொன்பது வருடமாக இப்படித்தான். ஊரில் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிள். இங்கே ஒரே கோயிலில் இரண்டு மூலைகள்.

திரும்பும்போது காரில் கேட்டேன். யுத்த நேரம் அப்பாவை ஆமிக்குக் காட்டிக்கொடுத்தது மாமாதான் என்று நிச்சயமாகத் தெரியுமா?

"அவன்தான் முதல் நாள் வந்து, நாளைக்கு அந்தப் பக்கம் போகாதை எண்டவன். அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களில அக்கறையில சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. எத்தனையாவது தடவையோ.

"பதினாலு மாதம் உள்ளுக்க இருந்தது நான், செல்வநாயகி."

பக்குரங்காவில் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.

மே 4, ஞாயிறு

சார்மா. சந்தையில் வாங்கிய பச்சை இலையை வினாகிரியில் கொதிக்கவைத்துச் சுருட்டியிருக்கிறார். நாக்கில் ஒரு குத்து, அதோடு சரி. பின்னால் ஒன்றுமே வரவில்லை. இலை பிரியவில்லை, கிழிகிறது.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.



 

மே 25, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, மவுண்ட் ஆல்பர்ட்டில் என் வீட்டிலிருந்து வழி முழுக்க வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடையில் நானும் ஒரு தம்பதியும் மட்டும். யாஸ்னா எனக்கு ஜன்னலோரக் கதிரையைக் காட்டினார். அன்டோவின் கதிரை.

"நீ ஒரு ஆள்தான் எதையும் வெளியே கொண்டுபோகாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள்" என்றார்.

அதில் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.

கோழை. எழுதிவைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்ல முடியாதபடி.

ஜூன் 8, ஞாயிறு

கடைக்குப் போகவில்லை. முதலில் அன்டோவிடம் போனேன். ஊருக்கு வெளியே, ஆற்றோரம், கறுத்த சேறு. வரிசை வரிசையாக முட்டைக்கோஸ் வெடித்து அழுகிக்கொண்டிருந்தது. நல்லவற்றை வெட்டிப் பக்கத்து வீட்டு மாடுகளுக்காகத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அவர் நிமிரவில்லை.

பேத்தி மார்ச்சிலேயே அதைப் போனில் வாசித்துக் காட்டினாளாம். "புத்தகத்தோடு தனியாகச் சாப்பிடுகிற ஆள் அங்கே வேறு ஆர்? அழகாக எழுதியிருந்தாய்."

பிறகு ஏன் யாஸ்னாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே.

கத்தியைக் காற்சட்டையில் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார்.

"பெயர் சொல்லு என்று என்னை ஒருமுறை கேட்டார்கள். அங்கே, யுத்தத்தில். அப்போது சொன்னேன்."

அவ்வளவுதான். ஒரு முட்டைக்கோஸை என் கையில் தந்துவிட்டு அடுத்ததை வெட்டப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

ஆட்கள் போகும்வரை இருந்துவிட்டுச் சொன்னேன். வழியில் பழகிய வசனம் ஒன்றும் வரவில்லை. சாராயத்தைப் பற்றி எழுதினது நான், அழிச்சதும் நான்.

யாஸ்னா வெகுநேரம் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தார். "அன்டோவுக்குத் தெரியுமா?"

"ஓம். முதலிலிருந்தே."

அப்போதுதான் உட்கார்ந்தார்.

பிறகு எழுந்து, பாதி சாப்பிட்ட என் தட்டை எடுத்துப்போய், மிச்சத்தை ஒரு பெட்டியில் போட்டு மூடிக் கொண்டுவந்தார். இந்தக் கடையில் யாருக்கும் பெட்டியில் தந்ததில்லை. என் வீட்டுக்கு வந்தவர்கள் இருந்துதான் சாப்பிட வேண்டும் என்பார். வாசல்வரை வந்து பெட்டியை என் கையில் வைத்தார். இனி வராதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

ஜூன் 16

பெட்டி இன்னும் குளிர்பெட்டியில். திறக்கவில்லை. எறியவுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று ஞாயிறு போகாமல் இருந்துவிட்டு இன்று அந்த வழியால் ஓட்டினேன். பின் கதவடியில் அன்டோவின் வான். பக்கத்தில் நீலப் பீப்பாய், மூடியில் கல். பிந்திப் போட்டிருக்கிறார்கள், ஆகஸ்ட் கடைசியில் புளித்துவிடும். நான் நிறுத்தவில்லை.

நேரே பக்குரங்கா. சொல்லாமல் வந்ததில் அம்மாவுக்குப் பதற்றம். பசிக்குது என்றேன். சோறும் கோவா வறையும் இருந்தன; இங்கேயும் முட்டைக்கோஸ்தான். சாப்பிட்டுக்கொண்டே இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அன்டோ கத்தி துடைத்தபடி சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"அந்தக் கிழவன் ஏன் சொல்லேல்லையாம்?" என்றார் அப்பா. நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

வெளிக்கிடும்போது அப்பா கார்வரை வந்தார். குனிந்து, ஜன்னலால் மறுபடி கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

சொன்னேன்.

"ஆரின்ட பேரைச் சொன்னவராம்?"

"நான் கேக்கேல்லை அப்பா."

சாவியைத் திருப்பினேன். அப்பா காரின் கூரையில் வைத்த கையை எடுக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர் எடுக்கும்வரை இருந்தேன்.