எதிரி நாட்டு ஷில்லிங்

லா ஷப்பேல், பாரிஸ்
2 மார்ச் 2025

அன்பு மகள் ஜிஸ்லேனுக்கு,

பிரெஞ்சு ராணுவச் சமையற்கட்டில் பதினைந்து வருடம் வெங்காயத்தோடு நேருக்கு நேர் போரிட்டு, ஒரு துளி ரத்தமும் இரண்டு அண்டா கண்ணீரும் சிந்திய உன் சித்தப்பா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் தனி நாடு கேட்கிறது.

லண்டன் சந்தையில் வாங்கி நீ அனுப்பிய, விக்டோரியா ராணி தலை போட்ட ஷில்லிங் வந்தது. பார்த்ததும் கையை உதறினேன். இது என்னவென்று தெரிந்துதான் அனுப்பினாயா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் படைக்கு ஆள் பிடிக்கிற சார்ஜன்ட் சாராயக்கடையில் உட்கார்ந்து, வருகிறவன் கையில் ஒரு ஷில்லிங்கை வைப்பான். வாங்கினவன் சிப்பாய், அவ்வளவுதான். வாங்க மறுத்தால் அவனுடைய பீர்க் குவளைக்குள் போட்டுவிடுவான். பல்லில் என்னவோ தட்டுகிறதே என்று பார்ப்பதற்குள் ஆள் பாதிக் கடல் தாண்டியிருப்பான்! இப்படிப் பிடித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் டோவரிலிருந்து நம் புதுச்சேரிக் கடற்கரை வரை வரும். அதனால் புத்திசாலிகள் அடியில் கண்ணாடி வைத்த குவளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்களாம். நானும் இப்போது எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து றொபின்சனிடம் டீயைக் கண்ணாடி கிளாஸில் வாங்கி, தலைக்குமேல் தூக்கி அடியைப் பார்த்துவிட்டே குடிக்கிறேன். "என்ன லூர்து அண்ணை, எலி கிடக்கோ எண்டு பாக்கிறியளோ?" என்கிறான்.

உன் கல்யாணத்துக்கு என் ஆசி லாரி லாரியாக வரும். ஆனால் அப்பா இல்லாததால் கோயிலில் நான்தான் உன்னைப் பீடம் வரை கைபிடித்து அழைத்துப்போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம், கண்ணு. முழங்கால் இருக்கிறது. ஆங்கிலேயர் சமையல் வேறு இருக்கிறது. அப்புறம், அது உன் அப்பா, என் கிரிகோரி அண்ணன், நடக்க வேண்டிய இடம்.

நாணயத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பிரெஞ்சுப் பென்ஷன்காரன் வீட்டில் எதிரி நாட்டு ஷில்லிங் இருக்கலாமா?

ஆயிரம் முத்தங்களுடன்,
லூர்துசாமி
ஓய்வுபெற்ற வெங்காயத் தளபதி


லண்டன்
11 மார்ச் 2025

அன்புள்ள சித்தப்பா,

கெவினுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளைக்கு இப்போதே உங்களிடம் பயம்.

நானும் தேடிப் படித்தேன். பீர்க் குவளை சமாசாரம் பெரும்பாலும் கட்டுக்கதையாம். கடற்படைக்கு ஆள் பிடித்தவர்களுக்குச் சட்டமே துணை; தரதரவென்று இழுத்துப் போகலாம், தந்திரம் எதற்கு? தரைப்படையிலோ, ஷில்லிங் வாங்கினவனை நீதிபதி முன் நிறுத்திச் சம்மதமா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். 1879இல் அந்த வழக்கமும் நின்றது. உங்கள் வரிசை டோவரைத் தாண்டவே இல்லை.

முழங்காலா? சுஜானி பிறந்தநாளில் நீங்கள் போட்ட ஆட்டத்தை அவள் அப்பா றொபின்சன் அண்ணை வீடியோவாக அனுப்பியிருக்கிறார். லண்டன் ரயில் கிளம்புகிற கார் து நோர் உங்கள் வாசலிலிருந்து பத்து நிமிட நடை.

அப்பாவின் இடம் என்கிறீர்கள். சின்ன வயதில் தெருவில் நாய் இருக்கிறதா என்று பார்க்க அப்பா உங்களைத்தானே முன்னால் அனுப்புவார்? இப்போதும் அப்படித்தான் செய்திருப்பார்.

நீங்கள் வராவிட்டால் தனியாக நடப்பேன். வேறு யாரையும் கேட்க மாட்டேன்.

உங்கள்
ஜிஸ்லேன்


லா ஷப்பேல்
23 மார்ச் 2025

சூழ்ச்சிக்காரி ஜிஸ்லேனுக்கு,

நேற்றுக் காலை றொபின்சன் தானே எழுந்து வந்து டீ வைத்தான். கடை திறந்த நாளிலிருந்து கல்லாவை விட்டு எழுந்திராத மனிதன்! கறிவேப்பிலை வாங்க வந்த சனமெல்லாம் என் வாயையே பார்க்கிறது. குடித்தேன். கடைசி மடக்கில் பல்லில் 'டங்'! அந்தச் சத்தத்தில் கார் து நோரில் மூன்று ரயில்கள் பிரேக் போட்டன.

"பிள்ளை தபாலிலை அனுப்பினவ. கழுவித்தான் போட்டனான். இனி நீங்கள் அவவின்ரை ஆள், அண்ணை!"

கட்டுக்கதை என்றாயே, பெண்ணே!

நீதிபதி இல்லாமல் செல்லாது என்று வாதாடினேன். உடனே வரிசையில் நின்ற நம் ஊர் ரோசாலி அக்காவை நீதிபதி ஆக்கிவிட்டான். "சீக்கிரம் சம்மதம்னு சொல்லுங்க முசியே, எனக்கு பஸ் போயிடும்" என்றார்.

சொல்லிவிட்டேன்.

கோட்டைத் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன். தளபதியின் தொப்பை கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டது. ஜூன் பதினான்காம் தேதி உன் கையைப் பிடித்துக்கொண்டு, நாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். அண்ணன் பின்னால் வரட்டும்.

உன் படையின் ஒரே சிப்பாய்,
சித்தப்பா

பி.கு.: ஒரு ராணுவ ரகசியம். றொபின்சனிடம் சொல்லிவிடாதே, பாவம், தந்திரம் பலித்த பெருமையில் இருக்கிறான். நேற்றும், அவன் கல்லாப் பக்கம் திரும்பிய நேரத்தில், கிளாஸைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். ராணி தலை நன்றாகவே தெரிந்தது.