வீட்டுக்கு வந்த பையிங் ஆபீஸ்காரர்

பெருமாநல்லூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புக் கண்ணு இந்துமதிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உண்டு உறங்கி எழுந்து நலமாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கக் கொண்டத்துக்காளியம்மன் துணை. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதனால்தான் கடிதம். அவளுக்கு அல்சைமர் கூடிக்கொண்டுதான் போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. இப்போதெல்லாம் பாதி நேரம் நான் அவள் புருஷன் இல்லை, பையிங் ஆபீஸ்காரர். நம் பனியன் கம்பெனிக்கு வந்து, துணியை விரித்துப் பார்த்து, ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த ஆள். புருஷனாக இருந்தவரை என் டீயை நானே போட்டுக் குடித்தேன், இப்போது வாங்க சார், உக்காருங்க சார் என்று நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள், தட்டில் முறுக்கு வருகிறது.

பொழுது சாய்ந்தால்தான் வம்பு. ஷிப்மென்ட் நிற்குது, கம்பெனிக்குப் போகணும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்து ஆட்டுவாள். கம்பெனியை எப்போதோ விற்றாயிற்று என்று புருஷனாகச் சொன்னேன், அழுதாள், என்னைத் திருடன் என்றாள். பையிங் ஆபீஸ்காரனாக, ஷிப்மென்ட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டோம் மேடம் என்றேன், ரொம்பச் சந்தோசமுங்க சார் என்று செருப்பைக் கழற்றிவிட்டாள். ஷிப்மென்ட்டைத் தள்ளிவிட்டோம் என்பது திருப்பூரில் எந்தப் பையிங் ஆபீஸ்காரனும் வாயைத் திறந்து சொல்லாத வார்த்தை, நான் தினமும் சொல்கிறேன். குளிக்க மாட்டேன் என்றால் நாளைக்கு ஆடிட், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்க ஆள் வருகிறார்கள் என்பேன், உடனே குளித்துவிடுவாள். போன வாரம் அது அளவுக்கு மீறிவிட்டது. எமர்ஜென்சி வழியை மறிக்கக் கூடாது என்று என் ஸ்கூட்டரையும் அரிசிப் பையையும் தெருவில் தள்ளி, பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு நிர்மலாவுக்கு மாஸ்க் மாட்டி, ஆரு கேட்டாலும் எட்டு மணி நேரந்தான் வேலைன்னு சொல்லோணும் கண்ணு என்று பாடம் நடத்தினாள். நிர்மலா பாவம், சரிங்க மேடம் என்று தலையாட்டினாள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவில் அவள் உன்னைப் பார்த்து நீங்க ஆருங்க என்று கேட்டதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தை மாதம் ஊருக்கு வந்துதான் என்ன ஆகப்போகிறது என்று அழுகிறாய் என மாப்பிள்ளை சொன்னார். எனக்கும் பயம்தான் கண்ணு. நீ வந்து எதிரே நிற்கும்போது அவள் வேற்றாளைப் போலப் பார்த்தால், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் நேற்று முறுக்கைக் கடித்துக்கொண்டே உன் கல்யாணப் போட்டோவைக் காட்டி, இது யாருங்க மேடம் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். நெற்றியைத் தேய்த்துப் பார்த்தாள், பெயர் வரவில்லை. அப்புறம், அது நம்ம ஊட்டுச் சரக்குங்க சார், பர்ஸ்ட் குவாலிட்டி, எக்ஸ்போர்ட்டுக்குப் போயிருச்சுங்க என்றாள். நான் விடவில்லை, ரிட்டர்ன் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். முறைத்தாள். வந்தா வரட்டுமுங்க, நம்மளுத நானே வெச்சுக்குவேன், டிஸ்கவுண்ட்டுன்னு கேட்டுட்டு நீங்க வந்தராதீங்க என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிக்கெட் போட்டுவிடு. வந்ததும் என்னைத் தெரியுதா என்று கேட்காதே, அவளுக்குப் பரீட்சை ஆகாது. பசிக்குதுங்க என்று சொல், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இரண்டு பேரும் நல்லா இருங்கள்.

இப்படிக்கு
உன் அப்பா மயில்சாமி
(அம்மாவின் கணக்கில் பையிங் ஆபீஸ்)